பாட்டிலில் மிஞ்சிய இரண்டு மாத்திரைகள்

மாத்திரை எண்ணுவதற்கென்று ஒரு தட்டு உண்டு. நீல நிற பிளாஸ்டிக், ஓரத்தில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம், தள்ளிவிட ஒரு தட்டையான பட்டை. பாட்டிலைக் கவிழ்த்து, மாத்திரைகளை ஐந்தைந்தாகத் தள்ளி எண்ண வேண்டும். எச்ஐவி ஆராய்ச்சியில் முப்பது வருடம் இருந்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் நுண்ணோக்கியையும் சோதனைக் குழாயையும் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தத் தட்டுதான்.

தடுப்பு மருந்து ஆய்வு ஒன்றில் ஒரு பெண் இருந்தார். 30 மாத்திரை கொடுத்து 28ஆம் நாள் வரச் சொல்வோம். தினமும் போட்டிருந்தால் இரண்டு மிஞ்ச வேண்டும். முதல் மாதம் தவிர, அவருக்கு மாதா மாதம் சரியாக இரண்டு மிஞ்சும். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவரிடம் வருவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1994ல் நான் பொது மருத்துவ மேற்படிப்பில் இருந்தேன். எங்கள் வார்டின் கோடியில் இரண்டு கட்டில்கள் இருந்தன. அவை யாருக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும். சாப்பாடு கொண்டு வருபவர் அந்தப் பக்கம் வரும்போது தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். அதில் ஒரு கட்டிலில் என் வயதுக்காரர் ஒருவர் இருந்தார். கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை மூளை உறைக்குள் போயிருந்தது. தண்டுவட நீரில் ஒரு சொட்டு எடுத்து இந்தியா இங்க் என்ற கறுப்பு மை கலந்து பார்த்தால், கறுப்புப் பின்னணியில் ஒவ்வொரு கிருமியைச் சுற்றியும் ஒரு வெள்ளை வளையம் தெரியும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அது தெரிந்தால் என்ன அர்த்தம் என்றும் எனக்குத் தெரியும்.

அவருக்குத் தாங்க முடியாத தலைவலி. மண்டைக்குள் நீரின் அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்ததால் தினமும் முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீரை வடிக்க வேண்டும். வடித்த சில நிமிடங்களில் முகம் தெளிந்துவிடும். அந்தத் தெளிவில் ஒரு நாள் கேட்டார்: "தலைவலிக்கு வைத்தியம் பாக்குறீங்க டாக்டர். உள்ள இருக்கிறதுக்கு என்ன பண்றீங்க?"

என்னிடம் பதில் இல்லை. உலகத்திடமும் அப்போது அரைப் பதில்தான் இருந்தது. ஜெரோம் ஹார்விட்ஸ் என்பவர் 1964ல் புற்றுநோய்க்காக உருவாக்கி, பயன்படாமல் போன ஏஇசட்டி என்ற மருந்து 1987ல் எச்ஐவிக்கு முதல் மருந்தாக அனுமதி பெற்றது. ஆரம்பத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை போட வேண்டும், நடு ராத்திரியிலும் அலாரம் வைத்து எழுந்து. அப்படியும் பலன் நிலைக்கவில்லை. அறிகுறி வருவதற்கு முன்பே அதை மட்டும் ஆரம்பிப்பதால் ஆயுள் நீளவில்லை என்று கான்கார்ட் ஆய்வு சொல்லிவிட்டது. அந்த இளைஞர் 1995 தொடக்கத்தில் இறந்துபோனார். உடலை வாங்க அவருடைய அக்கா மட்டும் வந்தார்.

அடுத்த வருடம், 1996 ஜூலையில், வான்கூவரில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையின் முடிவுகள் வந்தன. ஏன் மூன்று? சிகிச்சை இல்லாத ஒருவர் உடலில் ஒரு நாளைக்குச் சுமார் ஆயிரம் கோடி வைரஸ்கள் பிறக்கின்றன என்று டேவிட் ஹோவும் ஆலன் பெரல்சனும் அதே வருடம் கணக்கிட்டார்கள். நகல் எடுக்கும்போது இந்த வைரஸ் அடிக்கடி தப்புச் செய்யும். அவ்வளவு பிறப்பில், ஒரு மருந்தை ஏமாற்றத் தேவையான தப்பு தினமும் எங்காவது நடந்தே தீரும். மூன்று மருந்துகளையும் ஒரே சமயத்தில் ஏமாற்ற வேண்டுமென்றால், அதற்கான எல்லாத் தப்பும் ஒரே வைரஸில் சேர்ந்து விழ வேண்டும். அது கிட்டத்தட்ட நடக்காது. அவ்வளவு எளிமையான கணக்கு. அதைப் படித்த அன்றைக்கு அந்த இளைஞர் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

கணக்கு எளிமை, விலை எளிமை இல்லை. ஒருவருக்கு ஒரு வருட மருந்து 10,000 முதல் 15,000 டாலர். ஐந்தாறு வருடம் நான் அந்த மருந்துகளைப் பத்திரிகைகளில் மட்டும்தான் பார்த்தேன். 2001 பிப்ரவரியில் சிப்லா என்ற இந்திய மருந்து நிறுவனத்தின் யூசுஃப் ஹமீத், மூன்று மருந்தையும் சேர்த்து வருடத்துக்கு 350 டாலருக்குத் தர முடியும் என்று அறிவித்தார். நாளைக்கு ஒரு டாலருக்கும் கீழே. எச்ஐவி வரலாற்றில் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நடந்த மிகப் பெரிய காரியம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆராய்ச்சிக்குள் என்னை இழுத்தது அந்தக் கோடிக் கட்டில்தான். ஆனால் தைரியம் கொடுத்தது வேறொரு கதை. 1986ல் இந்தியாவில் எச்ஐவி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில். சுனிதி சாலமன் வழிகாட்டியாக இருக்க, நிர்மலா என்ற முதுநிலை மாணவி தன் ஆய்வேட்டுக்காகப் பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். பாதுகாக்க இடம் இல்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, ரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப்போய்ப் பரிசோதித்தார். இந்த நோயெல்லாம் இங்கே இருக்காது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு மாணவி ஐஸ் பெட்டியோடு ரயிலேறியதால் ஒரு நாடு விழித்துக்கொண்டது. நிர்மலாவின் பெயரை நாம் போதுமான அளவுக்குச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். நானும் பிற்பாடு எத்தனையோ தடவை ஐஸ் பெட்டியோடு பயணம் செய்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அவரை நினைத்துக்கொள்வேன்.

என் முதல் வேலை கர்ப்பிணிகளோடு. தாய்க்கு ஏஇசட்டி கொடுத்தால் பிள்ளைக்குத் தொற்று போவது 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாகக் குறைகிறது என்று 1994லேயே தெரிந்துவிட்டது. ஆனால் அந்த முறை நீளமானது. கர்ப்பத்தில் தினம் ஐந்து வேளை மாத்திரை, பிரசவத்தில் டிரிப், குழந்தைக்கு ஆறு வாரம் சிரப். மருத்துவமனைக்குப் பிரசவத்துக்கு மட்டுமே வரும் பெண்ணுக்கு இது எட்டாது. 1999ல் உகாண்டாவில் நடந்த ஆய்வு நெவிரபின் என்ற மருந்தை எடுத்துக்கொண்டது. வலி கண்டதும் தாய்க்கு ஒரே ஒரு மாத்திரை, பிறந்த மூன்று நாளைக்குள் குழந்தைக்கு ஒரு வேளை சொட்டு மருந்து. குறைந்தகால ஏஇசட்டியோடு ஒப்பிட்டால் தொற்று ஏறக்குறைய பாதியானது.

அந்த ஒற்றை மாத்திரையைக் கையில் கொடுத்து, "இடுப்பு வலி ஆரம்பிச்சதும் போட்டுக்கணும்மா, வண்டி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க" என்று சொல்வது என் வேலை. ஒரு பெண் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். எட்டாம் மாதம் வந்தபோதும் முடிச்சு அப்படியே இருந்தது. துவைக்கும்போது மட்டும் அவிழ்த்து வேறு புடவையில் முடிந்துகொள்வாராம். வீட்டில் யாருக்கும் தெரியாது.

பிறகு குழந்தையின் சோதனை. தாயின் எதிர்ப்புப் பொருள்கள் குழந்தையின் ரத்தத்தில் பதினெட்டு மாதம் வரை இருக்கலாம். அதனால் சாதாரண சோதனை பாசிட்டிவ் என்று காட்டினாலும் அது தாயைப் பற்றிய செய்திதான். வைரஸையே நேரடியாகத் தேடும் பிசிஆர் வேண்டும். குதிகாலில் குத்தி, வடிகட்டித் தாளில் சொட்டுகளை விட்டு, காயவைத்து அனுப்புவோம். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் தாய்மார்கள் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு கிளினிக் வந்து போவார்கள். இருமல் என்பார்கள், பால் கக்குகிறது என்பார்கள். யாரும் முடிவைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். முந்தானையில் முடிந்தவரின் பிள்ளைக்கு நெகட்டிவ். தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்ப நான் இவன முத்தம் குடுக்கலாமா?" முத்தத்தால் பரவாது என்று அவருக்கு நாங்கள் ஒரு தடவையாவது சொல்லியிருந்தால் நான்கு மாதம் காத்திருந்திருக்க மாட்டார். கர்ப்பிணிகளுக்குச் சொல்ல வேண்டியவை என்று எங்களிடம் இருந்த பட்டியலில் அது இல்லை.

ஒற்றை மாத்திரைக்கும் ஒரு விலை இருந்தது. பல தாய்மார்களின் உடலில் வைரஸ் நெவிரபினை எதிர்க்கப் பழகிவிட்டது. பிற்பாடு அவர்களுக்கே சிகிச்சை தேவைப்பட்டபோது அந்த மருந்து சரியாக வேலை செய்யவில்லை. பிள்ளையைக் காப்பாற்றத் தாயின் மருந்தைச் செலவழித்துவிட்டோம். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் முழுச் சிகிச்சை, அதுவும் ஆயுள் முழுக்க என்ற இடத்துக்கு உலகம் வந்து சேர இன்னும் பல வருடம் ஆனது. இன்று ஒழுங்காகச் சிகிச்சை எடுக்கும் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவது நூற்றில் ஒன்றுக்கும் கீழே.

தோல்விகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்ஆக்ஸினால்-9 என்ற பெண்களுக்கான ஜெல் பாதுகாக்கும் என்று எல்லோரும் நம்பினோம். சோதனைக்குழாயில் அது வைரஸைக் கொன்றது. 2000ல் முடிவு வந்தபோது, அதை அடிக்கடி பயன்படுத்திய பெண்களுக்குத் தொற்று கூடியிருந்தது. அது யோனியின் தோலைப் புண்ணாக்கியிருந்தது. 2007 செப்டம்பரில் ஸ்டெப் தடுப்பூசி ஆய்வு நிறுத்தப்பட்டது. பலன் இல்லாததோடு, சில ஆண்களுக்கு ஆபத்தைக் கூட்டியிருக்கலாம் என்றும் தெரிந்தது. நல்ல எண்ணத்தோடு கொடுத்தது கெடுதல் செய்தது என்ற செய்தியை, கையெழுத்துப் போட்டு ஆய்வுக்கு வந்தவர்களிடம் யாராவது உட்கார்ந்து சொல்லியாக வேண்டும். "இது வேலை செய்யும்னு நீங்க நினைக்கிறீங்களா டாக்டர்?" என்று ஒப்புதல் படிவத்தின் முன்னால் யார் கேட்டாலும், அதற்கப்புறம் நான் "தெரியாது, தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆய்வு" என்று மட்டுமே சொல்லி வந்தேன்.

அப்புறம் தம்பதிகள். ஒருவருக்கு எச்ஐவி இருக்கும், மற்றவருக்கு இருக்காது. என் வாழ்க்கையின் நடுப்பகுதி முழுக்க அவர்களோடுதான் போனது. எங்களிடம் ஒரு கவுன்சிலர் அக்கா இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆராய்ச்சிப் பட்டம் எதுவும் இல்லை. கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காரவேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். "அவங்க சொல்லத் தொடங்குறதுக்கு முன்னாடி நீங்க பேசிடறீங்க டாக்டர்" என்பார்.

சிகிச்சை எடுப்பவரின் ரத்தத்தில் வைரஸ் குறைந்தால் அவரிடமிருந்து பரவுவதும் குறையும் என்று எல்லோருக்கும் ஊகம் இருந்தது. ஊகம் ஆதாரம் ஆகாது. மைரன் கோஹன் தலைமையில் நடந்த எச்பிடிஎன் 052 ஆய்வு அதைச் சோதித்தது. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகள், சென்னையும் புனேயும் அதில் உண்டு. ஒரு பாதிக்கு உடனே சிகிச்சை. மறு பாதிக்கு, அன்றைய வழிகாட்டுதல்களின்படி, எதிர்ப்பு சக்திக்கான சிடி4 என்ற ரத்த அணுக்கள் குறைந்த பிறகு. 2011 மே மாதம், முடிய வேண்டிய காலத்துக்கு வெகு முன்பே முடிவு வெளியானது. மொத்தம் 39 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்திருந்தது. அதில் 28 பேருக்குத் தம் துணையிடமிருந்தே வந்தது என்று வைரஸின் மரபணு வரிசை சொன்னது. அந்த 28ல் 27 தாமதமாகச் சிகிச்சை பெற்ற பாதியில், ஒன்றே ஒன்றுதான் உடனே பெற்ற பாதியில். 96 சதவீதப் பாதுகாப்பு.

செய்தி வந்த அன்று அந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன். தலைவலிக்கு மட்டும்தானா என்று கேட்டவருக்குப் பதில் அதில் இருந்தது, அவரை நேசிப்பவருக்கும் சேர்த்து. அதுவரை தடுப்பு ஒரு துறை, சிகிச்சை இன்னொரு துறை. மாநாட்டில் வேறு வேறு அரங்கு, வேறு வேறு நிதி. அன்றோடு இரண்டும் ஒன்றாகிவிட்டன.

மரபணு ஒப்பிடுதல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதை வெளியே யாரும் பேசுவதில்லை. 39ல் 28 போக, மீதியில் பெரும்பாலானவை துணை அல்லாத வேறு யாரிடமிருந்தோ வந்தவை. காகிதத்தில் இது ஒரு எண். கிளினிக்கில் அது எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பம். அப்படிப்பட்ட ஒரு தகவல் எங்கள் ஆய்வுக்கூடத்திலும் ஒரு தடவை வந்தது. கணவர் தன்னால்தான் மனைவிக்கு வந்தது என்று நினைத்து இடிந்துபோயிருந்தார். அப்படி இல்லை என்று எங்களுக்குத் தெரியும். சொல்லக்கூடாது. ஆய்வின் விதியும் அதுதான், அந்தப் பெண்ணின் உயிருக்குப் பாதுகாப்பும் அதுதான். கவுன்சிலர் அக்கா அவரிடம், "யாரால வந்துச்சுங்கிறத இந்த நோய்கிட்டயே விட்டுடுங்க. ரெண்டு பேரும் மாத்திரை போடுங்க" என்றார். அதைவிட நல்ல வார்த்தை எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

2015ல் ஸ்டார்ட் ஆய்வு முடிந்தது. யாராக இருந்தாலும் தொற்று தெரிந்த உடனே சிகிச்சை தொடங்குவதுதான் நல்லது என்று உறுதியானது. அதே வருடம் உலக சுகாதார நிறுவனமும் அப்படியே சொன்னது. 2016ல் பார்ட்னர் ஆய்வு. ஒருவரின் வைரஸ் அளவு ஒரு மில்லி ரத்தத்தில் 200க்குக் கீழே இருக்கும் தம்பதிகள், ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 உறவுகள், துணையிடமிருந்து துணைக்கு ஒரு தொற்றுகூட இல்லை. அளவிட முடியாத அளவுக்கு வைரஸ் குறைந்தால் உடலுறவில் பரவாது என்று நாங்கள் தயங்காமல் சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஒன்பது வருடமாக வந்துகொண்டிருந்த ஒரு தம்பதியிடம் அதைச் சொன்னேன். பெஞ்சில் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டுத்தான் இருவரும் எப்போதும் உட்காருவார்கள். கணவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்ப ஒரே தட்டுல சாப்பிடலாமா டாக்டர்?" என்றார். தட்டால் எந்தக் காலத்திலும் பரவாது. ஒன்பது வருடம் அவர் தனித் தட்டில், தனி டம்ளரில். ஒன்பது வருடமும் நான் அவருடைய சிடி4 எண்ணிக்கையை எழுதியிருக்கிறேன், ஆணுறை பற்றிக் கேட்டிருக்கிறேன். குழந்தைக்கு முத்தம் கொடுக்கலாமா என்று கேட்ட தாய்க்குப் பிறகும் நான் கேட்கப் பழகவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, அந்த இரண்டு மாத்திரைகளுக்கு வருகிறேன்.

எச்ஐவி இல்லாதவர் தினமும் ஒரு மாத்திரை போட்டுத் தொற்றைத் தடுத்துக்கொள்வதை பிரெப் என்கிறோம். 2010ல் ஐபிரெக்ஸ் ஆய்வில் 44 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது. ரத்தத்தில் மருந்து இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதுகாப்பு இன்னும் மிக அதிகம். பிறகு பெண்களிடையே இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. ஃபெம்பிரெப் 2011ல் நிறுத்தப்பட்டது. வாய்ஸ் ஆய்வில் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்கள் இருந்தார்கள். 2013ல் முடிவு வந்தது, பலன் இல்லை. தினமும் பயன்படுத்தியதாகப் பெண்கள் சொன்னதும், மிச்சத்தை எண்ணிப் போட்ட கணக்கும் 90 சதவீதத்தை ஒட்டி இருந்தன. ரத்தத்தில் மருந்து இருந்தது மாதிரிகளில் முப்பது சதவீதத்துக்கும் மேல் இல்லை.

கூட்டங்களில் அப்போது ஒரு வார்த்தை அடிக்கடி அடிபட்டது: பொய் சொல்லிவிட்டார்கள். எங்கள் சிறிய ஆய்விலும் உறைநிலையில் வைத்திருந்த மாதிரிகளைப் பரிசோதித்தோம். மாதா மாதம் சரியாக இரண்டு மிச்சம் வைத்த அந்தப் பெண்ணின் ரத்தத்தில் ஒரு மாதம்கூட மருந்து இல்லை. அவருடைய தாளில் நான் என் கையால் நூறு சதவீதம் என்று எழுதியிருந்தேன்.

எனக்கும் கோபம்தான் வந்தது. அந்தப் பெண்ணிடம் பேசக் கவுன்சிலர் அக்கா என்னைத் தனியாக விடவில்லை, கூடவே உட்கார்ந்துகொண்டார். வாயை மூடிக்கொள்ளச் சொல்லிப் பார்வையாலேயே காட்டினார். ரொம்ப நேரம் கழித்து அந்தப் பெண் பேசினார்.

"பாட்டில் குலுங்குது டாக்டர். பையில வச்சு நடந்தா சத்தம் கேக்குது. வீட்ல வச்சா யாராவது எடுத்துப் படிப்பாங்க. இது அந்த நோய்க்காரங்க போடுற மாத்திரைன்னு எங்க தெருவுல தெரியும். நான் நோய் வராம இருக்கப் போடுறேன்னா யார் நம்புவா?"

அப்படியானால் ஏன் ஆய்வுக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். மாதா மாதம் ரத்தம் பார்க்கிறீர்கள், உடம்பைப் பற்றி உட்கார்ந்து கேட்கிறீர்கள், எனக்கு வேறு எங்கேயும் அப்படிக் கிடைக்கவில்லை என்றார். வரும் வழியில் பஸ் நிறுத்தத்தில் இருபத்தெட்டை எண்ணி எடுத்துப் போட்டுவிடுவாராம். ஏன் இரண்டு மட்டும் மிச்சம் வைத்தீர்கள் என்று கேட்டபோது, "ரெண்டு இருந்தா உங்க முகம் சந்தோஷமா இருக்கும். மொத மாசம் இருபது இருந்துச்சு, உங்க முகமே மாறிடுச்சு" என்றார்.

அந்தப் பதிலை நான் எந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும். என் தட்டு அவரைத் தன் கணக்குக்கு ஏற்ப நடக்கப் பழக்கியிருந்தது. வாய்ஸ் ஆய்வுக்குப் பிறகு அதே பெண்களில் சிலரிடம் அவர்களுடைய மருந்து அளவைக் காட்டி, குற்றம் சொல்லாமல் பேசிப் பார்த்தார்கள். அங்கேயும் இதே மாதிரி பயங்கள்தான் வெளிவந்தன. நோயாளி என்று நினைத்துவிடுவார்கள், நல்ல உடம்புக்கு மாத்திரை கெடுதல் செய்யும். எங்கள் மையத்தில் எண்ணுவதை விட்டுவிட்டோம். "தினமும் போட்டீங்களா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இந்த மாசம் எந்த நாள் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்கத் தொடங்கினோம். சத்தம் வராமல் இருக்கத் துணிப் பை தைத்துக் கொடுத்தோம், உள்ளே பஞ்சு வைத்து. கொஞ்சம் உதவியது. ஆனாலும் தினமும் ஒரு ரகசியத்தை விழுங்குவது கஷ்டம்தான்.

அதனால்தான் நீண்டநாள் ஊசிகள் வந்தபோது நான் அவ்வளவு ஆவலாக இருந்தேன். 2020ல் கபோடெக்ராவிர், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. அப்புறம் லெனகாபாவிர். இது வைரஸின் மரபணுவைச் சுற்றியிருக்கும் கேப்சிட் என்ற கூட்டைப் பிடித்துக்கொள்கிறது. கூடு பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாது, கட்டப்பட வேண்டிய நேரத்தில் ஒழுங்காகக் கட்டப்படாது. தண்ணீரில் எளிதில் கரையாத மருந்து என்பதால் தோலுக்கு அடியில் தங்கி ஆறு மாதம் மெதுவாகக் கசியும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம் பெண்களிடம் நடந்த பர்பஸ் 1 ஆய்வின் முடிவு 2024 ஜூனில் வந்தது. ஊசி போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் தொற்று வந்தவர் ஒருவரும் இல்லை. அதே ஆய்வில் தினசரி மாத்திரை பெற்ற பெண்களில் 55 பேருக்குத் தொற்று வந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரையைத் தொடர்ந்து போட முடியவில்லை. அடுத்த மாதம் மியூனிக் மாநாட்டில் இதை வாசித்தபோது அரங்கமே எழுந்து கைதட்டியது.

விலை மறுபடியும் வந்து நிற்கிறது. அமெரிக்காவில் வருடத்துக்கு 28,218 டாலர் என்று அறிவித்தார்கள். 120 நாடுகளுக்கு 2027லிருந்து வருடத்துக்குச் சுமார் 40 டாலரில் ஜெனரிக், அதாவது வேறு நிறுவனங்கள் மலிவாகத் தயாரிக்கும் அதே மருந்து தர 2025ல் ஒப்பந்தங்கள் ஆகியிருக்கின்றன. 2001 பிப்ரவரியை நேரில் பார்த்த எனக்கு அந்த 40 என்ற எண்ணைப் படித்தபோது கண் கலங்கியது. அதே 2025 ஜனவரியில்தான் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்தியது. பல நாடுகளில் கிளினிக்குகள் மூடின, ஆய்வுகள் பாதியில் நின்றன. கையெழுத்துப் போட்டு உடம்பைக் கொடுத்தவர்களை அப்படி நடுவில் விடுவதை என்னால் மன்னிக்க முடியாது.

முழுக் குணம் எப்போது என்று எல்லோரும் கேட்கிறார்கள். சில சிடி4 அணுக்களுக்குள் வைரஸ் தூங்கும். மருந்துக்கும் அது தெரியாது, நம் எதிர்ப்பு சக்திக்கும் தெரியாது. ராபர்ட் சிலிசியானோவின் குழு கணக்கிட்டபடி, மருந்தை மட்டும் நம்பி அந்தச் சேமிப்பு கரைய எழுபது வருடத்துக்கு மேல் ஆகும். டிமோத்தி ரே பிரவுன் போன்ற சிலர் எலும்பு மஜ்ஜை மாற்றத்தால் குணமானது உண்மை. அது புற்றுநோய்க்காகச் செய்த, உயிருக்கே ஆபத்தான சிகிச்சை. மற்றவர்களுக்குச் செய்யக்கூடியது இல்லை. அந்த வேலை என்னைவிட இளையவர்களுடையது.

போன வருடம் ஓர் ஆய்வின் வழியாக எங்கள் மையத்துக்கும் ஆறு மாத ஊசி வந்தது. பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயரைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் கழித்து வந்திருந்தார், இன்னும் நெகட்டிவ். என்னை அடையாளம் கண்டுகொண்டு, முதலில் மேஜையைப் பார்த்தார். தட்டைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. அலமாரியில் இருந்தது, எடுக்கவில்லை.

வயிற்றில் தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசி போட்டோம். அந்த இடத்தில் தோலுக்கு அடியில் ஒரு சின்ன முடிச்சு மாதிரி சில மாதங்களுக்கு இருக்கலாம் என்று விளக்கினேன். அவர் புடவையைச் சரிசெய்துகொண்டு, துணிக்கு மேலாக விரலால் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தார்.

"வெளிய தெரியாதுல்ல?"

"தெரியாதும்மா. கை வச்சுப் பாத்தாத்தான்."

பையைத் தூக்கித் தோளில் போட்டு, பழக்கத்தில் ஒரு தடவை லேசாகக் குலுக்கிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. அடுத்த தேதியைக் கேட்டுக்கொண்டு கிளம்பினார்.